கிழிந்த பக்கம்

தென்மேற்குப் பருவமழை எங்கள் கரவனெல்லைப் பக்கம் இறங்கிவிட்டதாயின் பல காரியங்கள் நின்றுபோகும். இறப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது; ஆதலால் தோட்டத்தில் பாதிப் பேர் லயத்து வாசலில் அமர்ந்து வானத்தைப் பார்த்த வண்ணம் இருப்பர். களனி கங்கை செந்நிறம் கொண்டு கரையைத் தொடும். மழைக்கு நிற்காதது ஒன்றே ஒன்று. அது எங்கள் பையன்களின் உதைபந்தாட்டம். ஒரு சோடி சப்பாத்தை இருவர் பங்கிட்டு, வலது ஒருவனுக்கும் இடது ஒருவனுக்குமாக அணிந்து ஆடியதை இக்கண்களால் கண்டிருக்கிறேன். ஏனையோர் வெறுங்காலர்.

நான் ஆட்டக்காரன் அல்லேன். படித்த காலத்திலும் கோட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தவனே. ஆயினும் எங்கள் கோஷ்டியின் பதிவுக் கொப்பி என் வசம் வந்து சேர்ந்தது. வரலாறு படிப்பிப்பவனுக்கு நடந்ததை எழுதி வைக்கத் தெரிந்திருக்கும் என்று அதிபர் எண்ணினார் போலும். ஆட்டத்துக்கு ஒரு பக்கம்: திகதி, எதிரணி, கோல் கணக்கு, ஆடிய பதினொருவர் பெயர், அடியில் இரண்டொரு வரிக் குறிப்பு. எட்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வெற்றிப் பக்கங்களை எண்ணுவதற்கு இரு கைவிரல்கள் போதும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. மறுநாள் கொப்பியைத் திறந்தபோது அந்தப் பக்கம் இல்லை. அணித்தலைவன்தான் கிழித்தவன். அவன் மறைக்கவும் இல்லை. “இத வச்சிருந்து யாருக்குச் சேர் காட்டப் போறோம்?” என்று கேட்டான். ஆசிரியனுக்கு விடை தெரியாத கேள்வி அரிது. தெரியாதென்று ஒப்புக்கொள்வது அதனினும் அரிது. நான் இரண்டும் செய்யாமல் அவனை ஏசி அனுப்பினேன்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுடைய தமையன் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு கடையில் நிற்கிறான். “அண்ணன் போன்ல சொன்னிச்சு சேர், கொப்பியில தன்னோட பேரு இருக்காம். பார்க்கலாமா?” என்றாள். எனக்கு உடனே நினைவு வந்தது. வழக்கமாகக் கோல் காப்பவன் காய்ச்சலில் படுத்த அன்று, நிற்க ஆளின்றி நிறுத்தப்பட்ட பையன் அவன். எங்கள் கோஷ்டிக்காக அவன் ஆடியது அந்த ஓர் ஆட்டமே. அந்த ஒன்பதுக்குப் பின் பத்தாவதாக வந்திருக்க வேண்டிய தண்ட உதையை, சேற்றில் முழு உடம்பும் விழுந்து தடுத்தான். அதையும் குறிப்பில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கம்தான் இல்லை. “நாளைக்கு வாம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு என் எண்ணம் வேறொரு கல்லூரியின் பதிவேட்டுக்குச் சென்றது. வெறுங்காலோடு ஆடி வென்ற கதை என்றால் 1911ஆம் ஆண்டில் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தார் வெள்ளையர் படையணியை 2–1 என வென்று கேடயம் பெற்ற கதையை நம்மவர் பலர் அறிவர். நான் நினைத்தது அதனையன்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில் 1819ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சென்டர் கல்லூரியை நினைத்தேன். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அங்கே படித்தவர் முந்நூறு பேருக்கும் குறைவு.

அவர்கள் ஆடும் ஆட்டம் நம்முடையதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. நம் நாட்டில் றகர் என்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று கொள்ளலாம். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளி. அதன்பின் ஓர் உதை கைகூடினால் மேலும் 1. இவ்வளவு தெரிந்தால் இக்கதைக்குப் போதும்.

ஆட்டத்துக்கு முன் கூடி நின்று வழிபடும் வழக்கத்தால் சென்டர் கோஷ்டிக்குப் ‘பிரார்த்தனைக் கேணல்கள்’ என்று பெயர். 1920 ஒக்டோபரில் இவர்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடச் சென்றார்கள். ஹார்வர்ட் 1636ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் பெருநிறுவனம். 1919, 1920 ஆகிய இரு பருவங்களிலும் தோல்வியே காணாத கோஷ்டி. பாதி ஆட்டம் முடிந்தபோது கணக்கு 14–14. பார்த்தவர் மூக்கில் விரல் வைத்திருப்பர். முடிவில் ஹார்வர்ட் 31, சென்டர் 14. எங்கள் பழைய அணித்தலைவன் அங்கே இருந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் கிழித்திருப்பான்.

மறு ஆண்டு மீண்டும் போனார்கள். இம்முறை போகும்போதே அவர்களுடைய கணக்கு வேறு விதமாக இருந்தது. கிளெம்சனை 14–0, வெர்ஜீனியாவின் தொழில்நுட்பக் கல்லூரியை 14–0, சேவியரை 28–6, அயலூர் டிரான்சில்வேனியாவை 98–0 என வென்றிருந்தார்கள். (98 என்னும் எண்ணைக் கண்டபோது என் இரக்கமெல்லாம் டிரான்சில்வேனியா மேற்றான். எங்கள் ஒன்பது நினைவுக்கு வந்துவிட்டது.) 1921 ஒக்டோபர் 29ஆம் நாள், நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய ஹார்வர்ட் அரங்கில் முதற்பாதி இரு தரப்புக்கும் புள்ளியின்றிக் கழிந்தது. மூன்றாம் காற்பகுதி தொடங்கிய சற்று நேரத்தில் போ மக்மிலின் என்னும் இளைஞர் பந்தை வாங்கி, வலமும் இடமுமாக வளைந்து நெளிந்து 32 கஜ தூரம் ஓடி எல்லை கடந்தார். பின்வந்த உதை கைகூடவில்லை. ஆட்டம் முடியும்வரை அந்த ஆறு புள்ளியைக் கட்டிக் காத்தார்கள். சென்டர் 6, ஹார்வர்ட் 0.

டான்வில் நகரத்தார் செய்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். இரு கல்லூரிகளின் ஆங்கில முதலெழுத்துக்களையும் புள்ளிகளையும் சேர்த்து, ஏதோ இரசாயனச் சூத்திரம்போலச் ‘சீ 6 எச் 0’ என்று ஊரெங்கும் சுவரில் எழுதிவிட்டார்கள். ஆறு காபன், ஐதரசன் சுழியம். இப்படி ஒரு சேர்வை பாடத்திட்டத்தில் இல்லையே என்று எங்கள் இரசாயன ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். அச்சூத்திரத்தை அவ்வூரில் இன்றும் ஒரு பழைய கட்டடத்தின் சுவரில் காத்து வருகிறார்கள்.

இங்கே கதையை நிறுத்திவிடுவது எழுதுவோர் வழக்கம். பதிவேடு அப்படி நிறுத்துவதில்லை. அவ்வாண்டின் வழமையான ஒன்பது ஆட்டங்களிலும் சென்டர் எடுத்த புள்ளி 282. கொடுத்தது 6 மட்டுமே. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அரிசோனாவை 38–0 என வென்றார்கள். பின் 1922 ஜனவரி 2ஆம் நாள் டெக்ஸாஸ் மாநிலத்து டலஸ் நகரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியைச் சந்தித்தார்கள். சென்டரின் பயிற்றுநர் சார்ளி மொரன் 1909 முதல் 1914 வரை அதே ஏ அண்ட் எம் கோஷ்டிக்குப் பயிற்சியளித்தவர். மக்மிலினுக்கோ அன்று காலையில்தான் திருமணம். மணமாலை வாடுமுன் தோல்வி வந்தது: ஏ அண்ட் எம் 22, சென்டர் 14.

அந்த ஆட்டத்தில் இன்னொரு செய்தி உண்டு. ஏ அண்ட் எம் வீரர் ஒவ்வொருவராகக் காயமுற்று வெளியேறினர். மாற்றாளர் தீர்ந்துவிடுமோ என்று பயிற்றுநர் டேனா பைபிளுக்கு அச்சம். உதைபந்தாட்டக் கோஷ்டியை விட்டுக் கூடைப்பந்தாட்டத்துக்குப் போயிருந்த கிங் கில் என்னும் மாணவர், மேலே பத்திரிகையாளர் இருக்கையில் ஆட்டக்காரரை இன்னாரென்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். அவரை ஆளனுப்பி அழைத்தார் பைபிள். காயமுற்ற ஒருவருடைய உடையை வாங்கி அணிந்துகொண்டு கில் ஓரத்தில் வந்து நின்றார். ஆட்டம் முடியும்வரை நின்றார். அவரைக் களத்தில் இறக்கும் தேவை ஏற்படவே இல்லை.

ஒரு கணமும் ஆடாத அந்த மாணவருக்கு இன்று அக்கல்லூரியின் விளையாட்டரங்கில் சிலை நிற்கிறது. ‘பன்னிரண்டாம் ஆள்’ என்பது அவருக்கு வழங்கும் பெயர். அவர் நின்றதை நினைந்து அங்குள்ள மாணவர் ஆட்டம் முழுவதும் உட்காராமல் நின்றே பார்க்கிறார்கள். ஓரத்தில் நின்றவரை யாரோ கவனித்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். சேற்றில் விழுந்து தண்ட உதையைத் தடுத்த எங்கள் பையனையும் ஒருவன் கவனித்து எழுதினான். எழுதியதைக் காக்கத் தெரியாதவனாக இருந்தான், அவ்வளவே.

1922இல் சென்டர் மூன்றாம் முறையும் ஹார்வர்டுக்குச் சென்று 10–24 எனத் தோற்றது. ஆக மூன்று ஆண்டுகளில் மூன்று வரி. முதலும் கடைசியும் தோல்வி, நடுவில் ஒரு வெற்றி. வெற்றியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிழித்தெறிந்தால், கென்டக்கியிலிருந்து ஒரு கூட்டம் சும்மா வந்தது, வென்றது, போயிற்று என்றே வாசிப்பவர் எண்ணுவர். முதல் ஆண்டு 14–14இல் நின்ற பாதி ஆட்டம் தெரியாதவருக்கு மறு ஆண்டின் 6–0 எப்படிப் புரியும்?

பெருந்தோல்வியைக் காத்து வைத்தவரும் உண்டு. டென்னசி மாநிலத்துக் கம்பர்லண்ட் கல்லூரி தன் கோஷ்டியைக் கலைத்துவிட்ட பின்னரும், முன்பு செய்த ஒப்பந்தத்தை மீறினால் 3,000 டொலர் இழப்பீடு கட்ட நேரும் என்பதற்காக, கிடைத்த மாணவரைத் திரட்டிக்கொண்டு 1916 ஒக்டோபர் 7ஆம் நாள் அட்லாண்டா நகருக்குப் போய் ஜோர்ஜியா டெக் கோஷ்டியோடு ஆடியது. பாதியில் 126–0. முடிவில் 222–0. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இன்றுவரை மாறாத கணக்கு அது. கல்லூரியைக் கடனிலிருந்து காக்கச் சென்ற மாணவர் கதை அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு நூறாண்டு கடந்தும் வாழ்கிறது. எங்கள் ஒன்பது எந்த மூலைக்கு!

சென்டர் கல்லூரி இன்னும் ஆடுகிறது. இன்றும் அங்கே மாணவர் 1,500க்குக் குறைவு. விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கொடுக்காத மூன்றாம் பிரிவில் இருக்கிறார்கள். ஹார்வர்டோடு ஆடும் பேச்சே இல்லை. அக்கல்லூரியில் படித்து அமெரிக்காவின் பிரதம நீதியரசராக உயர்ந்து 1953இல் காலமான பிரெட் வின்சனின் படத்தை அங்குள்ள மாணவர் சங்கத்தார் ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்வையாளர் வரிசையில் வைக்கும் வழக்கம் உண்டு. இறந்தவரும் வந்து பார்க்கும் கோஷ்டி!

மறுநாள் அச்சிறுமி வந்தாள். பக்கம் கிழிந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். யார் கிழித்தது என்று அவள் கேட்கவில்லை. “அப்ப திருப்பி எழுதுங்க சேர்” என்றாள். எட்டாம் வகுப்பில் படிப்பவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

பழைய அணித்தலைவன் இப்போது அவிசாவளையில் வாகனம் திருத்தும் இடமொன்றில் வேலை பழகுகிறான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். சற்று நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பின்பு என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னான். ஒன்பது கோலும் எந்த எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்பதுகூட அவனுக்கு நினைவிருந்தது. அதை மறப்பதற்காகத்தான் கிழித்தானாம். தண்ட உதை இடப்புறம் தாழ்வாக வந்ததென்றும், தடுத்த பையன் எழுந்தபோது முகத்தில் கண் மட்டுமே தெரிந்ததென்றும் சொன்னான். இரண்டையும் எழுதிக்கொண்டேன். திகதியைப் பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பார்த்து எடுத்தேன்.

புதிய தாளைப் பசையிட்டு உரிய இடத்தில் ஒட்டியாயிற்று. சிறுமி அதைத் தன் தாயின் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் புறக்கோட்டைக்கு அனுப்பினாள். அன்று மாலையே மறுமொழி வந்தது. தன் பெயர் சரியாம். தண்ட உதை வந்தது இடப்புறம் அல்ல, வலப்புறமாம். மேலும், இடது ஓரத்தில் ஆடியவன் என்று அணித்தலைவன் சொன்ன பெயர் பிழையாம். அவன் அன்று வரவே இல்லையாம். அணித்தலைவனோ வந்தான் என்று சாதிக்கிறான். வலம் இடத்தை அடைப்புக்குறிக்குள் இரண்டாகவும் எழுதிவிட்டேன். பதினோராம் பெயருக்குரிய இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.