லினக்ஸுக்கு விளையாட்டு: வீண் வேலையா?

"லினக்ஸில் விளையாடுவோர் சொற்பம், அவர்களுக்காக விளையாட்டுகளை மாற்றித் தருவது வீண் செலவு" என்று வாதிடுவோர், அப்படி மாற்றித் தந்து 2002இல் மூடப்பட்ட லோக்கி நிறுவனத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

அது பாதி உண்மைதான். நிறுவனம் மூடப்பட்டாலும், லோக்கியில் பணியாற்றிய சாம் லாண்டிங்கா 1998இல் தொடங்கிய எஸ்டிஎல் நிரல் நூலகம் அந்நிறுவனத்தோடு முடிந்துவிடவில்லை. திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றைப் பல இயங்குதளங்களில் ஒரே விதமாகக் கையாள உதவும் அதை இன்று விண்டோஸ் விளையாட்டுகளும் பயன்படுத்துகின்றன.

காசு கொடுக்க ஆளில்லை என்பதும் தவறு. 2010இல், விரும்பிய விலைக்கு வாங்கலாம் என்று விற்கப்பட்ட ஹம்பிள் இண்டி பண்டில் என்ற விளையாட்டுத் தொகுப்புக்குச் சராசரியாக அதிகம் கொடுத்தவர்கள் லினக்ஸ் பயனர்களே.

2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் மென்பொருள், ஏராளமான விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைத்தது. 2022இல் வந்த அந்நிறுவனத்தின் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. சிறிய தளம் என்று ஒதுக்கும் நிறுவனங்கள் தங்கள் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.