ஊவாத் தேயிலையின் வாசமும் எமது சம்பளமும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளைப் பக்கத் தோட்டங்களில் கச்சான் காற்று வீசும். மலை வரளும், கொழுந்து குறையும். ஆனால் ஊவாத் தேயிலை பேர் எடுப்பது அந்தக் காலத்தில்தான். காய்ச்சலில் இலைக்கு ஏறும் தனி வாசமே காரணம். அந்த வாசத்தில் முக்கியமான பொருள் மெதைல் சலிசிலேட். மாலையில் லயத்தில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நாம் பூசும் வலித்தைலத்தில் மணப்பதும் அதுவே.

வின்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பொருள்தான். பெற்றோலியத்திலிருந்தும் இதை மலிவாகச் செய்யலாம். மூக்குக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசத்தைக் காட்டுவது சமதானி (ஐசோடோப்) பரிசோதனை. உயிருள்ள செடி காற்றிலிருந்து காபன்-14 ஐ எடுக்கிறது. அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த பெற்றோலியத்தில் அது மிஞ்சாது. ஆகவே எண்ணெய் செடியில் பிறந்ததா, பெற்றோலியத்தில் பிறந்ததா என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும். மழைநீரும் மண்ணும் இலையில் விடும் அடையாளங்களைக் கொண்டு தேயிலை விளைந்த பிரதேசத்தையும் ஆராய்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மலிவான தூளில் செயற்கை வாசம் கலந்து 'ஊவா' என்று விற்க இடம் கொடுத்தால், நமது தேயிலையின் விலை விழும். விலை விழுந்தால் கம்பனி முதலில் கைவைப்பது நமது பேரிலும் சம்பளத்திலும்தான். இலங்கைக் கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. ஊவாத் தேயிலையின் பெயருக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டும். அதற்குப் பின்னால் ஆய்வுகூடச் சான்றும் வேண்டும். இதை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம்.

ஆனால் காத்த விலை யாருக்குப் போகிறது? 2024 செப்டெம்பர் வர்த்தமானி அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியது. நாட்சம்பளம் சீசனிலும் ஒன்றுதான், சீசன் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வரட்சியில் கிலோ குறைந்தால் அரைப்பேர் வேறு. வாசம் ஏறும் அதே மாதங்களில் கொழுந்து பறிப்பவரின் வருமானம் இறங்குகிறது.

எனவே அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும்: சீசன் காலத்தில் கிலோ குறைந்தமைக்காக அரைப்பேர் போடக்கூடாது, ஒவ்வொரு தோட்டத்தின் மார்க்குக்கும் கொழும்பு ஏலத்தில் கிடைத்த விலையை மஸ்டர் களத்தில் ஒட்ட வேண்டும், சீசன் விலையில் தொழிலாளிக்கு ஒரு பங்கு எழுத்தில் வேண்டும்.

வாசம் எங்கிருந்து வந்தது என்பதை விஞ்ஞானம் நிரூபிக்கட்டும். அதைக் கூடையில் சுமந்து வந்தவர் யார் என்பதை நாம் சம்பளச் சீட்டில் பதியவைப்போம்.