பெசன்ட் நகர் கிண்ணமும் நம்ம கவுனியும்

எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஜப்பான், தாய்லாந்து, கொரியா எல்லாவற்றையும் ஒரே மெனுவில் வைத்திருக்கிற கடைகள் வந்துவிட்டன. பேச்சை எடுத்தாலே நம் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பணக்காரப் பிள்ளைகள் விளையாட்டு என்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அது நம்ம சந்தை.

இந்தக் கலப்பு சென்னைக்குப் புதிதும் இல்லை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ போட்டார்கள். நூடுல்ஸ் அந்த ஊருடையது. மேலே ஊற்றின புளித்தண்ணியும் கூடக் கொடுத்த வாழைத்தண்டு சூப்பும் இந்த மண்ணில் விளைந்தவை.

போன மாதம் பேத்தி என்னைப் பெசன்ட் நகருக்கு இழுத்துக்கொண்டு போனாள். மசமன் என்கிற தாய்லாந்துக் குழம்பு, கறுப்பரிசிச் சோறு, ஒரு கிண்ணம் 480 ரூபாய். வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு பில்லைப் பார்த்தால் மனசு சும்மா இருக்குமா? கிண்ணத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். தேங்காய்ப்பால், புளி, வேர்க்கடலை, எலுமிச்சைப்புல். வாசனைக்குப் போடும் 'கலங்கல்' வேறொன்றும் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் விற்கிற பேரரத்தை. சைவம் கேட்டதால் மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். அது ஒன்றுதான் வெளியூர்ச் சரக்கு.

சோறு கருப்புக் கவுனி. மெனுவில் 'ஆர்கானிக்' என்று போட்டிருந்தது. எந்த ஊர் அரிசி தம்பி என்று கேட்டேன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "சப்ளையர் குடுக்குறாரு சார்" என்றார். சாஸ் பாட்டிலில் தயாரித்தவர் பேர், ஊர், தேதி எல்லாம் இருக்கு. 150 நாள் வயலில் நின்ற பயிருக்கு ஒரு ஊர்ப் பேர் இல்லை.

ஒரு கிண்ணத்துக்கு 80 கிராம் அரிசி போதும். நான் நேரடியாக விற்கிற விலை கிலோ 150. அப்படியானால் 480-ல் அரிசிக்கு 12 ரூபாய். கடைக்காரரைத் திட்ட மாட்டேன். கடற்கரை வாடகையும் ஆள் சம்பளமும் அவருக்குத்தான் தெரியும். ஆனால் கிலோவுக்கு 50 ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் கிண்ணத்துக்கு அவருக்கு ஏறுவது 4 ரூபாய். இந்தக் கணக்கை அவர் முன்னால் நாம்தான் வைக்கணும்.

சமையல்காரருக்கு வேண்டியது ஒன்றுதான்: வருஷம் முழுக்க ஒரே மாதிரி வேகிற அரிசி. மூணு பேர் வீட்டு நெல்லை மூணு மில்லில் அரைத்துக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார். குழுவாகச் சேர்த்து, ஒரே இடத்தில் அரைத்து, ராத்திரி ஊறவைக்கணும் என்பதையும் சொல்லிக் கொடுக்கணும்.

அடுத்தது கடன். ஓட்டல்காரர்கள் ரொக்கத்தில் வாங்குவது அபூர்வம். நெல்லை அப்படியே விற்கும் தனி உழவருக்கு உத்யம் பதிவு கிடைக்காது. அரைத்து அரிசியாக்கும் குழுவுக்கு, உற்பத்தி என்ற வகையில், கட்டணமில்லாமல் கிடைக்கும். (வாங்கி விற்கும் வியாபாரம் என்று பதிந்துவிடாதீர்கள், இந்தப் பாதுகாப்பு போய்விடும்.) பதிந்திருந்தால், 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தரணும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அதனால் முதல் மூட்டை இறங்குவதற்கு முன்னாலேயே விலை, நாள், மெனுவில் ஊர்ப் பேர், மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தை அறுவடை முடிந்ததும் எங்கள் குழு மாதிரி அரிசியோடு அடையாறு, பெசன்ட் நகர்க் கடைகளுக்குப் போகிறது. வர விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம். மத்தியானம் மூணு மணிக்கு மேல்தான் கிளம்புவோம். அதற்கு முன்னால் போனால் சமையல்காரர் தலை நிமிர மாட்டார்.