பழைய இடாப்பு குப்பையல்ல

தோட்டப் பாடசாலையொன்றில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. மகிழ்ச்சியான விடயம். ஆனால் பழைய கட்டடத்தை ஒழுங்குபடுத்தியபோது, அலுமாரியில் இருந்த பழைய இடாப்புகளை வெளியே போட்டு எரித்துவிட்டார்கள். கறையான் அரித்தது, மழையில் நனைந்தது, இனி இது எதற்கு என்று கேட்டார்களாம். எதற்கு என்பதைத் தொழிலாளர் குடும்பங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

சேர்விடாப்பின் ஒரு வரியில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விலாசம், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் இருக்கும். நமது பெற்றோர் காலத்தில் பிறப்பைப் பதியாத வீடுகள் ஏராளம். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் வில்லங்கம் தெரியவரும். காலங்கடந்து பிறப்பைப் பதியவும் பாடசாலை விடுகைப் பத்திரம் கைகொடுக்கிறது. அந்தப் பத்திரத்தை எதைப் பார்த்து எழுதுவது? அந்த இடாப்பைப் பார்த்துத்தான்.

கையில் தாள் இல்லாதவர் படும் பாட்டை நம்மைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன்வழி மூதாதையர் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டு நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவர்களையும் அவர்களது வழித்தோன்றல்களையுமே குறிப்பிட்டது. ஒரு பிள்ளை அந்த வருடம் எந்தத் தோட்டத்தில் படித்தது என்று சொல்ல, பள்ளிக்கூட இடாப்பைவிட நல்ல சாட்சி உண்டா?

1977 முதல்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்கு முன் அவை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. தோட்டங்களோ வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் தனியார் கம்பனி நிர்வாகத்துக்கும் மாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆவணங்கள் சிதறின. சில பாடசாலையில் இருக்கும். சில தோட்டக் கந்தோரின் மூலையில் கிடக்கும். மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டும்.

ஆசிரியர் இல்லை, மலசலகூடம் இல்லை, இதில் பழைய புத்தகம் ஒரு கேடா என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் எத்தனை வருடம் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் பார்த்தார், முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் நின்றார்கள் என்பதெல்லாம் சம்பவத் திரட்டிலும் இடாப்பிலும்தான் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனையில் ஆசிரியர் கேட்டு நிற்கும்போது, வெறும் கையோடு நிற்பதைவிட இந்தக் கணக்கோடு நிற்பது மேல்.

ஆகவே தோட்டத் தலைவர், தலைவிமாருக்கு நமது வேண்டுகோள் இதுதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தை எடுங்கள். அதிபரின் அனுமதியோடு என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். நிலத்தில் வைக்காமல், கூரை ஒழுகாத இடத்தில் இரும்பு அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். கிழிந்த தாளுக்கு டேப் ஒட்ட வேண்டாம். கையடக்கத் தொலைபேசியாலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். மூலப்பிரதி பாடசாலையை விட்டு வெளியே போகக்கூடாது. அதில் உள்ளவை மனிதர்களின் சொந்த விபரங்கள்; முகநூலில் போடுவதற்கல்ல. பழைய பாடசாலை மலர்கள், விழாப் படங்கள் வேறு. அவற்றை நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகங்களுக்குக் கொடுக்கலாம்.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். அரச பாடசாலையின் இடாப்பு அரச ஆவணம். அத்தகைய ஆவணங்களைக் காக்கவென்றே 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கழிக்க வேண்டுமென்றாலும் முறைப்படி கேட்டுத்தான் கழிக்க வேண்டும். கட்டடம் உடைக்கும் ஒப்பந்தக்காரர் தீர்மானிக்கும் காரியமல்ல இது.

2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த வழியில் இறந்துபோன நமது முன்னோரில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களது பேரப்பிள்ளைகளின் பெயர் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கிறது. அதையும் நெருப்புக்குக் கொடுக்க நாம் சம்மதிக்கப் போவதில்லை.