பர்கர் சாப்பிட்டா எடை குறையாதா? தொண்டர் குழுவில் நடந்த சண்டைக்கு என் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ கலக்கி எடுத்துக்கிட்டு உட்காருங்க, சீனி கம்மியா.

நம்ம ஆலயத் தொண்டர் வாட்சாப் குழுவுல இந்த வாரம் உபயத்தைப் பத்தியும் பேச்சு இல்லை, தேருக்கு ஆள் சேர்க்கிறதைப் பத்தியும் பேச்சு இல்லை. ஒரே பர்கர் சண்டை. புரட்டாசி முடிஞ்ச கையோட எடை குறைக்க ஆரம்பிச்ச நம்ம தம்பி ஒருத்தர், "வாரத்துல ஒரு நாள் பர்கர் சாப்பிடுறேன், அப்படியும் ஆறு கிலோ இறங்கியிருக்கு"ன்னு எழுதினார். உடனே ஒரு அக்கா, "அதெல்லாம் விஷம்பா, வீட்டுச் சாப்பாடு சாப்பிடு, தானா இறங்கும்"னு பதில் போட்டாங்க. அடுத்து ஒரு ஐயா, "கோயில்ல தொண்டு செய்யிற பிள்ளை அந்தக் கடைப் பக்கம் போகலாமா"ன்னு கேட்டார். அப்புறம் என்ன, மறுநாள் விடியிற வரைக்கும் போன் அலறிக்கிட்டே இருந்துச்சு.

என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். தம்பி சொல்றதுதான் சரி. துரித உணவு சாப்பிட்டுக்கிட்டே எடை குறைக்க முடியும். ஆனா அந்தக் கடைக்காரங்க நமக்கு விற்க நினைக்கிற மாதிரி சாப்பிட்டா முடியாது. இந்த ரெண்டையும் சேர்த்துப் புரிஞ்சுக்கணும்.

இதை ஏன் கோயில் பக்கத்துல எழுதணும்னு சிலர் கேப்பீங்க. 2023-ல் நம்ம சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அதுக்கு முன்னாடி 2019-ல் எடுத்த அதே ஆய்வுல இந்தியர்களை மட்டும் தனியாப் பார்த்தா இனிப்புநீர் 31.4 விழுக்காடு. பத்துக்கு மூணு பேர். வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தியில நான் பரிமாறிக்கிட்டே போகும்போது இந்தக் கணக்கு தலைக்குள்ள ஓடுது. பத்து இலை தாண்டினா மூணு பேர். பாயசம் வேண்டாம்னு இலையை மறைக்கிறவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். வேண்டாம்னு சொல்ல வெட்கப்பட்டு வாங்கிச் சாப்பிடுறவங்க யாருன்னும் தெரியும். டயாலிசிஸ் நாள் போக மத்த நாள்ல பூ கட்ட வர்ற அக்காவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதனால இது கோயில் விஷயம்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். உடம்பு செலவழிக்கிறதைவிடக் குறைவா உள்ளே போனா எடை இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறையணும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 500 கலோரி குறைச்சா வாரத்துக்கு அரைக் கிலோ சுமார். அந்த 500 பர்கர்ல குறைஞ்சதா, இட்லியில குறைஞ்சதான்னு உடம்பு பார்க்கிறதில்லை. அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஜான் சிஸ்னான்னு ஒரு அறிவியல் ஆசிரியர், தொண்ணூறு நாள் மூணு வேளையும் மெக்டோனல்ட்ஸ் சாப்பாடு மட்டுமே சாப்பிட்டார். நாளுக்கு 2,000 கலோரிக்கு மேல போகக்கூடாது, முக்கால் மணி நேரம் நடக்கணும். இதுதான் அவர் போட்டுக்கிட்ட கட்டுப்பாடு. சுமார் 17 கிலோ இறங்கினார். அதே கடைச் சாப்பாட்டை முப்பது நாள் அளவில்லாம சாப்பிட்டு 11 கிலோ ஏறின மோர்கன் ஸ்பர்லாக்கின் படம் 2004-ல வந்தது, பலர் பார்த்திருப்பீங்க. கடை ஒண்ணுதான், தட்டுல இருந்த அளவுதான் வேற. (சிஸ்னாவைப் பிறகு அந்த நிறுவனமே தூதரா ஆக்கிக்கிச்சு. அதனால அவர் சொல்றதையெல்லாம் தலையில தூக்கி வைக்க வேணாம். ஆனா எடை இறங்கினது இறங்கினதுதான்.)

அக்கா கட்சியில இருக்கிறவங்க இந்த இடத்துல ஒரு நல்ல கேள்வி கேக்கலாம். அளவாச் சாப்பிடுறதுதான் முடியலையே, அப்ப என்ன பண்றது? அதுல நியாயம் இருக்கு. 2019-ல் கெவின் ஹால்னு ஒரு ஆய்வாளர், அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்துல 20 பேரை உள்ளேயே தங்க வச்சு ஒரு சோதனை நடத்தினார். ரெண்டு வாரம் தொழிற்சாலையில அதிகமாப் பதப்படுத்தின உணவு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச உணவு. ரெண்டு தட்டுலயும் கலோரி, சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமா வச்சாங்க. எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு விட்டுட்டாங்க. பதப்படுத்தின உணவு வந்த நாள்ல எல்லாரும் தங்களுக்கே தெரியாம தினம் சுமார் 500 கலோரி கூடுதலாச் சாப்பிட்டிருக்காங்க. ரெண்டு வாரத்துல சுமார் ஒரு கிலோ ஏறியிருக்கு. மெத்துன்னு இருக்கு, மெல்லவே வேண்டியதில்லை, வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குச் சேதி போறதுக்குள்ள தட்டு காலி. அதனாலதான் நான் "வாரத்துல ஒரு நாள்"ங்கிறதை அடிக்கோடு போட்டுச் சொல்றேன். தினமும்னா மனக்கட்டுப்பாடு ஜெயிக்காது, யாருக்கும்.

அந்த ஒரு நாளும் எப்படி வாங்குறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. மாடு சாப்பிடாத நமக்கு அங்கே இருக்கிறது கோழியும் மீனும்தான். ஒரு சாதாரண கோழி பர்கர் 400 கலோரி பக்கம் வரும். மீன் பர்கர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்கு 1,600 கலோரின்னு வச்சிருக்கிற ஒருத்தருக்கு இது கால் பங்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது ஒண்ணும் மோசமில்லை. ஆனா கல்லாவுல நிக்கிற பிள்ளை "செட்டா வேணுமா, பெருசு பண்ணிக்கிறீங்களா"ன்னு கேப்பாங்க. அங்கதான் கதை மாறுது. உருளைக்கிழங்கு வறுவல் நடுத்தர அளவே 300 கலோரிக்கு மேல. குளிர்பானம் வேற. 400-ல முடிய வேண்டியது 900-ல போய் நிக்கும். ரெண்டு வெள்ளி மிச்சம்னு செட் வாங்குறோம். அந்த ரெண்டு வெள்ளியைப் பிறகு மருந்துக் கடையில கொடுக்கிறோம்.

குளிர்பானத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2019 ஜூலை முதல் நம்ம நாட்டுல 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி உள்ள பானத்துக்கு வரி போட்டாங்க. பல நிறுவனங்கள் சீனியைக் குறைச்சதும் உண்மைதான். ஆனா அந்த 5 கிராம் அளவுல நின்னாலும், 320 மில்லி கேன் ஒண்ணுல 16 கிராம், அதாவது நாலு தேக்கரண்டி சீனி. வீட்டுல யாராவது ஒரு கிளாஸ் டீக்கு நாலு கரண்டி போட்டுக் கொடுத்தா குடிப்பீங்களா? தண்ணி வாங்குங்க. இல்லைன்னா தே ஓ கோசோங்.

பர்கரும் தண்ணியும், பசி அடங்கலைன்னா ஒரு கப் சோளம். வறுத்த கோழின்னா ஒரு துண்டு. நெஞ்சுத் துண்டைவிடக் கால் துண்டு ரொம்பச் சின்னது, தோலை எடுத்துட்டா இன்னும் நல்லது. தோலை எடுக்கச் சொன்னா கோழியே வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். பெரிய கடைங்க எல்லாம் கலோரி விவரத்தை இணையத்துல போட்டிருக்காங்க. வரிசையில நிக்கிற நேரத்துல பார்த்துடலாம். உப்பு இன்னொரு தலைவலி. உலகச் சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. வறுத்த கோழி செட் ஒண்ணுலயே பாதிக்கு மேல போயிடுறது சர்வசாதாரணம். ரத்த அழுத்த மாத்திரை போடுறவங்க இதைக் கவனிக்கணும்.

இப்ப அந்த ஐயாவுக்கு. ஐயா, கோபப்படாதீங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, கூடத்தைக் கழுவி, பாத்திரம் கமுத்தி, பத்து மணிக்கு மேல நம்ம ஆளுங்க எங்க போறாங்க? மாமாக் கடைக்கு. நீங்களும் வருவீங்க. ரொட்டி சானாய் ஒண்ணு சுமார் 300 கலோரி. ரெண்டு ரொட்டி, பருப்புக் கறி, ஒரு தே தாரிக்னா பர்கர் தோத்துடும். அதைச் சாப்பிட்டுட்டு நேரா வீட்டுக்குப் போய்ப் படுக்கிறோம். நம்ம ஊர்க்காரங்க "ஃபாஸ்ட் ஃபுட்"ன்னதும் கண்ணாடிக் கதவு போட்ட கடையை மட்டும் நினைக்கிறாங்க. கே.எப்.சி. இங்க வந்தது 1973-ல, மெக்டோனல்ட்ஸ் 1982-ல. கல்லுல போட்டு ரெண்டு நிமிஷத்துல தட்டுக்கு வர்ற ரொட்டி அதுக்கெல்லாம் முன்னாடியே இருந்துச்சே, அது துரித உணவு இல்லையா?

அக்கா சொன்ன வீட்டுச் சாப்பாட்டுக்கும் இதே கதைதான். நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துல இருட்டோட எழுந்து ரப்பர் மரம் சீவப் போனாங்க, பால் வாளி தூக்கினாங்க. மலை மாதிரி சோறு சாப்பிட்டாலும் மதியத்துக்குள்ள எரிஞ்சு போயிடும். நாம அதே மலையைச் சாப்பிட்டுட்டு காடியில உட்கார்ந்து நெடுஞ்சாலை நெரிசல்ல ரெண்டு மணி நேரம் நிக்கிறோம். வீட்டுல சமைச்சதுங்கிறதுக்காக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரிக்குக் கீழ இறங்காது.

விரதத்தைப் பத்திச் சொல்லாம விட்டா இந்தப் பதிவு முடியாது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து பத்துமலையில 272 படி ஏறினவங்க பலர் எங்கிட்ட "நாலு கிலோ இறங்கிடுச்சு"ன்னு சந்தோஷமாச் சொல்வாங்க. விரதம் எடை குறைக்க இல்லைங்கிறது வேற பேச்சு. ஆனா அந்த 48 நாள்ல அவங்க சைவமாச் சாப்பிட்டாங்க, நேரத்துக்குச் சாப்பிட்டாங்க, இரவு வெளியே போகலை. விரதம் முடிஞ்ச அன்னைக்கு என்ன நடக்குது? கோழி வாளி வாங்குறாங்க. ஒரு துண்டு இல்லை, வாளி. ரெண்டு மாசத்துல நாலு கிலோவும் வட்டியோட திரும்பி வருது. எனக்கு வருத்தம் அந்த வாளி மேல இல்லை. இவ்வளவு கட்டுப்பாடு தன்னால முடியும்னு நிரூபிச்ச மனுஷன், மறுநாளே "எனக்கு வாயைக் கட்ட முடியாது"ன்னு சொல்றார் பாருங்க, அதுதான் வருத்தம். நம்ம தம்பி செஞ்சது வேற. புரட்டாசியில பழகின சாப்பாட்டை ஆறு நாள் வச்சுக்கிட்டார். ஏழாவது நாள் ஒரு பர்கருக்கு இடம் விட்டார். முழுசா விலக்கி வச்சிருந்தா மூணாவது வாரமே அவர் வாளிப் பக்கம் போயிருப்பார்னு நான் நினைக்கிறேன்.

விரத நாள்ல உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வாங்கிச் சாப்பிடுறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அமெரிக்காவுல வறுவல்ல மாட்டுச் சுவை சேர்த்ததை மறைச்சதா வழக்குப் போட்டு, 2002-ல மெக்டோனல்ட்ஸ் மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகள், சைவ உணவு அமைப்புகளுக்கு 1 கோடி டாலர் கொடுத்துச்சு. இங்கே எல்லாம் ஹலால்தானேன்னு விட்டுடாதீங்க, ஹலாலும் சைவமும் ஒண்ணு இல்லை. கேட்டுட்டு வாங்குங்க.

யாருக்கு இந்தப் பேச்சு பொருந்தாதுன்னும் சொல்லணும். இன்சுலின் போடுறவங்க, இனிப்புநீர் மாத்திரை எடுக்கிறவங்க, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிப் பெண்கள் முகநூல் பதிவைப் படிச்சுட்டுச் சாப்பாட்டை மாத்தாதீங்க. முக்கியமா, பகல் முழுக்கப் பட்டினி கிடந்துட்டு ராத்திரி மொத்தமாச் சாப்பிடுறது அவங்களுக்கு ஆபத்து. சீனி ரொம்ப இறங்கி மயங்கி விழுவாங்க. அரசாங்க கிளினிக்குல கேளுங்க, சத்துணவு அதிகாரிகிட்ட அனுப்பச் சொல்லுங்க. அவங்க காட்டுற தட்டு சுலபம்தான். சுக்கு-சுக்கு செப்பாரோ. தட்டுல பாதி காய்கறி பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ கோழியோ.

கடைசியா, பர்கர் கடையைத் திட்டுற நாம முதல்ல நம்ம பந்தியைப் பார்க்கணும். நம்ம அன்னதானத்துல பாதி இலை சோறு, அப்பளம், வடை, பாயசம், வீட்டுக்குப் போகும்போது கையில கேசரி. காய் ரெண்டு கரண்டி. தண்ணீர்ப் பந்தலைப் பாருங்க. ரோஜா சிராப், மறுபடி ரோஜா சிராப். நீர்மோர் எங்க போச்சு? இதை நான் கூட்டத்துல சொன்னப்போ, "உபயக்காரர் மனசு நோகும்"னு சொன்னாங்க. நோகாதுன்னு நான் சொல்லலை. ஆனா உபயக்காரரும் அந்தப் பத்துல மூணு பேர்ல ஒருத்தரா இருக்கலாம்ல. பாயசத்தை நிறுத்தச் சொல்லலை, சாமிக்குப் படைச்சது பிரசாதம். ஒரு கரண்டி போதும். கேட்டா மட்டும் ரெண்டாவது. கொண்டைக்கடலைச் சுண்டலை எல்லா வெள்ளிக்கிழமையும் ஆக்கலாம். அது மலிவு, வயிறு நிறையும், நெய்வேத்தியத்துக்கும் பொருத்தம்.

தலைவர் ஒரு மாசம் செஞ்சு பார்க்கலாம்னு சம்மதிச்சிருக்கார். வர்ற வெள்ளிக்கிழமை முதல் சமையல்கூடத்துக்குப் பக்கத்து மேசையில சீனி இல்லாத தண்ணி ஜாடி ஒண்ணும் மோர் ஒண்ணும் இருக்கும். சோறு குறைவா வேணும்னா பரிமாறுறவங்ககிட்ட "பாதி"ன்னு சொல்லுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டோம். காய் நறுக்க ஆள் கூடுதலா வேணும். மாலை நாலு மணிக்கு வரக்கூடியவங்க கீழே பேர் போடுங்க. கத்தியும் பலகையும் இங்கேயே இருக்கு.