கண்ணாடி டம்ளர் வாங்கப் போறீங்களா? கனமா இருந்தா மட்டும் போதாது!

கடையில் கண்ணாடி டம்ளர் செட் வாங்கும்போது பலரும் முதலில் செய்வது, கையில் தூக்கிப் பார்ப்பதுதான். கனமாக இருந்தால் தரமானது என்ற நம்பிக்கை. ஆனால், அதே டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றினால் 'டப்'பென்று விரிசல் விட்டு, சூடான டீ மடியில் கொட்டிவிடலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

ஏன் உடைகிறது?

கண்ணாடியில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும். டீ பட்டதும் உள்பக்கம் விரிவடையும். வெளிப்பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும். இந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. டம்ளர் தடிமனாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். டீக்கடை மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் அலசிவிட்டு டீ ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கிளாஸ் சுத்தமாவதோடு, முன்கூட்டியே சூடேறியும் விடுகிறது.

எதற்கு எது?

* சோடா லைம்: விலை குறைவான சாதாரண டம்ளர்கள் பெரும்பாலும் இவைதான். தண்ணீர், மோர், ஜூஸுக்குப் போதும்.

* போரோசிலிகேட்: சாதாரணக் கண்ணாடியைப்போல மூன்றில் ஒரு பங்குதான் விரிவடையும். மெல்லியதாக, எடை குறைவாக இருந்தாலும் டீ, காபிக்கு இதுவே ஏற்றது.

* டெம்பர்டு: சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கப்பட்டது. உடைந்தால் பெரும்பாலும் சிறு துண்டுகளாகச் சிதறும்.

* கிரிஸ்டல்: பளபளக்கும் ஒயின் கிளாஸ்கள் சிலவற்றில் ஈயம் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி 'லெட் கிரிஸ்டல்' என்றால் குறைந்தது 24 சதவிகிதம் லெட் ஆக்ஸைடு. எலுமிச்சை ஜூஸ், ஒயின் போன்ற புளிப்பான பானங்களை அதில் ஊற்றி வைத்தால் ஈயம் கரைந்து இறங்கும். 'லெட் ஃப்ரீ' என்று அச்சிட்டதையே வாங்குங்கள்.

கடையிலேயே கவனியுங்கள்

டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, குமிழோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கக் கூடாது. மேஜையில் வைத்தால் ஆடக் கூடாது.

வீட்டில்...

கம்பி நார் வேண்டாம், ஸ்பாஞ்ச் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளரில் உடனே சூடாக எதையும் ஊற்றாதீர்கள். விளிம்பு உடைந்த டம்ளர், செட்டில் ஒன்று குறைகிறதே என்று தோன்றினாலும், மறுபடி அலமாரிக்குப் போக வேண்டாம். தடிமனான காகிதத்தில் சுற்றி, 'உடைந்த கண்ணாடி' என்று எழுதித் தனியாகக் கொடுத்தால், தூய்மைப் பணியாளரின் கையும் கிழியாது.