பழைய பூட்டுக்குப் பழைய சாவி

உங்கள் வீட்டு அலமாரியில் 1990களில் வாங்கிய டிஸ்கட் பெட்டி ஏதேனும் கிடக்கிறதா? குப்பையில் போடுமுன் இந்த வாரப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

பண்டமாரான் வட்டாரத்தில் ஒரு மரண சகாய சங்கம் இருக்கிறது. மாதம் சில வெள்ளி சந்தா. உறுப்பினர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் ஈமச் செலவுக்குக் கைகொடுப்பார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் அவர்களின் பழைய ரசீதுப் புத்தகங்கள் ஊறிக் கூழாகிவிட்டன. மேல்தட்டில் இருந்ததால் தப்பியது ஒரு டிஸ்கட் பெட்டி மட்டும். 1993 முதலான சந்தாக் கணக்கு அதில் இருந்தது. விடாமல் சந்தா கட்டியதற்குச் சான்று வேண்டும் என்பது சங்க விதி. கணவரை இழந்த சில மூதாட்டிகளுக்கு அந்தப் பெட்டிதான் மிச்சமிருந்த ஒரே சான்று. பழைய கணினிகளைச் சேர்த்து வைப்பவன் என்பதால் பெட்டி என்னிடம் வந்தது.

அந்தக் கணக்கு நிரல் டர்போ பாஸ்கலில் எழுதப்பட்டது. நாம் எழுதும் நிரல் வரிகளைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைக் கம்பைலர் என்பார்கள். மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற 1983இல், டர்போ பாஸ்கல் 49.95 அமெரிக்க டாலருக்கு வந்தது. அதன் மூன்றாம் பதிப்பில் நிரல் எழுதும் திரையும் கம்பைலரும் சேர்ந்தே 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. அதை உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் பின்னாளில் சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளின் வடிவமைப்புக்கும் தலைமை ஏற்றார்.

சங்கத்தின் நிரலை என் மடிக்கணினி ஏற்கவே இல்லை. 64 பிட் விண்டோஸில் பழைய டாஸ் நிரல்கள் ஓடாது. அடுத்து பென்டியம் 3 கணினியில் போட்டேன். ‘ரன்டைம் எரர் 200’ என்று காட்டிவிட்டு நின்றது.

காரணம் வேடிக்கையானது: கணினிக்கு வேகம் கூடிவிட்டது. இந்த வகை நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். சுமார் 55 மில்லி விநாடியில் எத்தனை சுற்று ஓட முடிகிறது என எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடைக்கு ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகளில் விடை அதற்கு மேல் போய்விடும். உழக்கில் மரக்கால் நெல்லைக் கொட்டிய கதைதான். 1992இல் வந்த கம்பைலர் அது. அப்போது வீட்டுக் கணினிகளில் அந்த வேகம் இல்லை.

12 மெகாஹெர்ட்ஸ் 286 கணினியில் நிரல் முணுமுணுக்காமல் ஓடியது. ஆனால் ஒரு நேரத்தில் ஓர் உறுப்பினரை மட்டுமே திரையில் காட்டியது. கணக்குக் கோப்பை எக்செல்லில் திறந்தால் வெறும் கிறுக்கல். தொகைகளை டர்போ பாஸ்கல் 6 பைட்டில், தனக்கே உரிய முறையில் எழுதி வைத்திருந்தது. அந்தப் பூட்டுக்கு அந்தக் கம்பைலர்தான் நேரான சாவி.

நல்ல வேளையாக நிரலை எழுதியவர் மூல வரிகளையும் அதே டிஸ்கட்டில் விட்டுச் சென்றிருந்தார். எல்லாப் பதிவுகளையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதச் சொல்லிச் சில வரிகளைச் சேர்த்து, 286இலேயே மறுபடி கம்பைல் செய்தேன். 200க்கும் மேற்பட்ட பெயர்கள், கட்டிய தேதியோடும் தொகையோடும் வரிசையாக வந்தன. அந்த மூதாட்டிகளின் கணவர் பெயர்களும் இருந்தன. அச்சடித்த பட்டியலைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985இல். யூனிகோட் பரவும்வரை பல தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்று தெரியாவிட்டால், பழைய கூட்டக் குறிப்பும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

ஆகவே டிஸ்கட் பெட்டி கிடைத்தால், முதலில் மூடியை நகர்த்தி உள்ளே இருக்கும் வட்டைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கணினியில் செருக வேண்டாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், மூலையில் உள்ள சிறு துளையைத் திறந்து வையுங்கள். அப்போது தவறியும் எதுவும் அழியாது. பிறகு முழுவதையும் நகலெடுங்கள். பிஏஎஸ் என்று முடியும் கோப்புகள் இருந்தால் அவைதான் மூல வரிகள், பத்திரம். பழைய கணினி இல்லாதவர்களுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் உதவும். அதில் வேகத்தைக் குறைத்தும் ஓட்டலாம்.

இன்று கைப்பேசிச் செயலியில் போடும் சங்கக் கணக்குக்கும் 30 ஆண்டில் இதே நிலை வரலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கி, தாளிலும் அச்சடித்து வையுங்கள். தாளை மேல்தட்டில் வையுங்கள்.